குமிழி வராத ஜாயிண்ட்

போன வாரம் டீ குடிக்க வந்த சாக்கில் உங்கள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒருவர் ஏர் பிரேக் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார். குமிழி வரவில்லை என்றதும் சாக்பீஸை எடுத்து 'லீக் இல்லை' என்று பஸ் பாடியிலேயே எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். அந்த வண்டியில் அப்போது காற்றே ஏறியிருக்கவில்லை. காற்று ஏறாத குழாயில் குமிழி எங்கிருந்து வரும்? மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன் காதில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. கோபம் அவர் மேல் இல்லை. அதே தப்பை அவரைவிடப் பெரிதாக நான் செய்திருக்கிறேன். அது நடந்து முடிந்த பிறகு இத்தனை வருஷம் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படியுங்கள்.

யுத்த காலம். பெட்ரோல் ரேஷனில் வந்தது, அதுவும் வந்தால் உண்டு. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் அப்போது ஒரே வேலைதான். ஓடுகிற வண்டிகளையெல்லாம் கரி காஸுக்கு மாற்றுவது. கரி பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதற்குள் அடுப்புக்கரியைப் போட்டு, அரைகுறைக் காற்றில் எரிய விட்டால் ஒரு காஸ் உண்டாகும். அது குழாய் வழியே போய் இன்ஜினை ஓட்டும். கிளம்புவதற்கு முன்னால் ஓர் ஆள் பின்னால் நின்று கைச்சக்கரத்தைச் சுற்றி நெருப்பை ஊதிக் கிளப்ப வேண்டும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். இதற்குப் பெயர் மோட்டார் வண்டி.

அந்தக் காஸைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, அது விஷம். புகைக்கு மணம் உண்டு, கண் எரியும், ஆள் தப்பித்து ஓடிவிடுவான். சுத்தமாக வடிகட்டி வரும் கரி காஸுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதலில் தலை வலிக்கும், பிறகு வாந்தி வருகிற மாதிரி இருக்கும், பிறகு தூக்கம் வரும். இரண்டாவது, இன்ஜின் ஓடும்போது குழாயிலிருந்து காஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜாயிண்ட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். இன்ஜினை நிறுத்தினால் நெருப்பு உடனே நிற்காது. காஸ் ஊறிக்கொண்டே இருக்கும். அப்போது மேலே புகைக்குழாய் மூடியைத் திறந்து வைக்காவிட்டால், அது எந்த ஓட்டை கிடைக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். இந்த இரண்டாவது விஷயம் எனக்கும் அப்போது தெரியும். தெரிந்துதான் தப்புச் செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அவர்களிடம் ஒரு பழைய பஸ்ஸைப் பிரித்துக் கட்டிய வண்டி ஒன்று. உள்ளே இரண்டு கட்டில், மருந்து அலமாரி, தண்ணீர் டிரம், கருவிகள் கொதிக்க வைக்க ஒரு ஸ்டவ், கழுவுவதற்கு ஒரு தொட்டி. தொட்டித் தண்ணீர் போவதற்குத் தரையில் ஒரு துளை. திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பும். சோழபுரம், தளவாய்புரம், சேத்தூர்ப் பக்கம் என்று ஊர் ஊராக நின்று வைத்தியம். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு சின்ன வீட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அதில் போகிறவர்கள் மூன்று பேர். டாக்டரம்மா, எஸ்தர் என்கிற நர்ஸ், டிரைவர் முத்தையா.

அந்த வண்டிக்கு உருளையும் குழாயுமாகக் காஸ் பிளாண்ட் வைத்தது நான். குழாயை வண்டித் தரைக்கு அடியில் கொண்டுபோய், வெளியே தெரியாமல் இன்ஜினில் சேர்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. ராஜு முதலாளி தட்டிக் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பிளாண்ட் வைத்த அதே வாரம், மாசி முடியும் சமயம், லெந்து நாட்கள் தொடங்கின. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் எங்களில் பலர் நோன்பு இருப்பார்கள். நான் இருந்த நோன்பு என் பெண்டாட்டிக்குத்தான் தெரியும், அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. எஸ்தர் அப்படி இல்லை. அவருடைய தம்பி பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவன், ஐந்தாறு மாதமாகக் கடிதம் இல்லை. அவனுக்காகப் பொருத்தனை செய்து, அதாவது நேர்ந்துகொண்டு, பொழுது சாயும்வரை தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோன்பு கிடையாது. அது எங்கள் வழக்கம்.

முதல் வாரத்திலேயே அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் நெற்றிப்பொட்டு தெறிக்கும், கண் இருட்டும், ஒருநாள் மருந்துப் புட்டியைக் கை நழுவ விட்டார். டாக்டரம்மாவுக்கு இந்த நோன்பு, பொருத்தனை எதிலும் நம்பிக்கை இல்லை. வெறும் வயிற்றில் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று திட்டினார். யார் கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வந்தது. பொழுது சாய்ந்து அவர் கஞ்சி குடித்தால் கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை நோன்பு இல்லை, வலியும் இல்லை. டாக்டரம்மாவுக்கோ முத்தையாவுக்கோ ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எஸ்தருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. மூன்றாவது வாரம் கரி ஏற்ற வண்டி பட்டறைக்கு வந்தபோது இறங்கி வந்து என்னிடம் கேட்டார்.

"அண்ணே, வண்டி நின்னா எனக்குத் தலை பாரமா வருது. பின்னால இருக்குத அந்த உருளையில ஏதும் கோளாறு இருக்குமோ? செத்த பாருங்களேன்."

என் வேலையில் கோளாறா? எனக்குச் சுருக்கென்றது. முத்தையா இன்ஜினை நிறுத்தக்கூட இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குவளையில் சோப்பைக் கரைத்து, அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் தடவினேன். வண்டிக்கு அடியில் படுத்துத் தரைக்குழாயிலும் தடவினேன். ஒரு குமிழி இல்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, பட்டறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லை சிஸ்டர். வயித்துல ஏதாவது போடுங்க, தலை தன்னால சரியாயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார். இன்ஜின் ஓடுகிற குழாயில் உள்பக்கம்தான் இழுக்கும், குமிழி வராது. அது எனக்குத் தெரியும் என்று மேலே சொன்னேன் அல்லவா? தெரிந்த விஷயம் ரோஷம் வந்த நேரத்தில் மண்டையில் எந்த மூலைக்குப் போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. 'வண்டி நின்னா' என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நான் காதிலேயே வாங்கவில்லை.

என் சோதனைக்குப் பிறகு எஸ்தர் பக்கம் பேச யாரும் இல்லை. டாக்டரம்மா பொறுத்துப் பார்த்தார். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், ஒரு குழந்தைக்கு ஊசி போடும்போது எஸ்தர் தள்ளாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டாராம். அன்றைக்கே டாக்டரம்மா ராஜபாளையத்தில் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். ஈஸ்டர் முடிந்து வார்டு வேலைக்கு வந்தால் போதும், வண்டிக்கு வேறு நர்ஸைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வண்டி வேலைதான் எஸ்தருக்கு உயிர். கிராமத்துப் பெண்கள் டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லக் கூசுகிறதையெல்லாம் அவரிடம் சொல்லுவார்கள். அவர் வந்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டிப் பக்கமே வருவார்கள். பொருத்தனையை விட்டுவிட்டால் வண்டியில் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தம்பியை நினைத்து எஸ்தரால் விட முடியவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் மரித்த நாள். காலையில் வண்டி கரிக்காகப் பட்டறை வாசலில் நின்றது. லீவு நாள், நான்தான் வந்து திறந்து மூட்டை ஏற்றினேன். தளவாய்புரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஆள் வந்து சொல்லியிருக்கிறார்கள், போய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவரப் போகிறோம் என்று முத்தையா சொன்னார். கூட நர்ஸ் யாரும் இல்லை. டாக்டரம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பூட்டிவிட்டு நேராகக் கோவிலுக்குப் போனேன், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. அன்றைக்கு ஒருநாளாவது ஒழுங்காக இருப்போம் என்று காலைக் காப்பியைக்கூட விட்டிருந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் போதகர் ஐந்தாவதற்கு வருவதற்குள் என் மண்டை பிளந்தது. முடிந்து வெளியே வந்தபோது வாசல் வேம்படியில் எஸ்தர் நின்றிருந்தார். என் முகம் ஏன் இப்படிச் சுண்டிக் கிடக்கிறது என்று கேட்டார். காப்பி இல்லாமல் தலைவலி, உங்களுக்கு இன்னும் மோசமாக இருக்குமே என்றேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலை அண்ணே. நேத்து ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. ஆனா தலை லேசா இருக்கு. இந்த நாப்பது நாள்ல இப்படி இருந்ததே இல்லை."

நாற்பது நாளில் மிகக் கடுமையான நோன்பு அன்றைக்குத்தான். நோன்புதான் காரணம் என்றால் அன்றைக்கு அவர் படுத்த படுக்கையாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் செய்யாதது ஒன்றே ஒன்று. வண்டியில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். நோன்புக்கும் லீவு, வண்டிக்கும் லீவு. பொழுது சாய்ந்தால் அவர் கஞ்சி குடிப்பார். அதே நேரத்தில்தான் முத்தையா உருளையிலிருந்து நெருப்பைத் தள்ளி அணைப்பார். இரண்டு காரணம் கைகோத்துக்கொண்டு வந்து போயிருக்கின்றன, நாங்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறோம்.

மடமடவென்று கேட்டேன். வண்டி நிற்கும்போது டாக்டரம்மா எங்கே இருப்பார்? மரத்தடியில் மேஜை போட்டு நோயாளிகளைப் பார்ப்பார். முத்தையா? டீக்கடையில். உள்ளே? எஸ்தர் மட்டும்தான், கருவிகளைக் கழுவிக்கொண்டு. புகைக்குழாய் மூடி? புகைக்கரி பறந்து பஞ்சில் விழுகிறது என்று டாக்டரம்மா சத்தம் போட்டதால், முத்தையா அதை மூடியே வைத்திருப்பார். ரத்தப்போக்கு கொஞ்சம் கட்டுப்பட்ட பிறகு, பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி இப்போதுதான் வந்துகொண்டிருக்கும். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக்கூடாது என்று நம் ஊரில் ஜன்னல், கதவு, சந்து பொந்து எல்லாவற்றையும் துணி வைத்து அடைப்பார்கள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் பயம் இல்லை. எங்காவது நின்றால்?

சர்ச்சில் மணி அடிக்கும் கோவில்பிள்ளையின் சைக்கிளை வாங்கினேன். எஸ்தர் தானும் வருகிறேன் என்றார். வெள்ளைச் சேலையோடு கேரியரில் ஒரு நர்ஸம்மா, பெரிய வெள்ளி அன்று, கோவில் வாசலில். சபையே பார்த்தது. "யார் பார்த்தா என்ன, மிதிங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார். ஆளுக்கு ஒரு நாள் பட்டினி. வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்க்காற்று வேறு. நான் வாழ்க்கையில் அவ்வளவு ஜெபித்ததில்லை, ஒரு வார்த்தைகூட ஒழுங்காக வரவில்லை என்றாலும்.

சோழபுரம் ரயில் கேட் மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வண்டி நின்றது. யுத்தத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டி எப்போது வரும் என்று கேட்காரருக்கே தெரியாதாம். இன்ஜினை நிறுத்தி அரை மணி ஆகியிருந்தது. டாக்டரம்மா கேட்டைத் திறக்கச் சொல்லி அவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். முத்தையா ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிப் போயிருந்தார். நான் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினேன். ஜன்னல் எல்லாம் சேலையால் அடைத்திருந்தது. பின்கதவைத் திறந்தேன்.

கட்டிலில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார், மடியில் குழந்தையோடு, அலமாரியில் தலை சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தார். குழந்தை அழவில்லை. ஒரு மணமும் இல்லை. டெட்டால் வாசனை மட்டும்தான்.

எஸ்தர் எனக்கு முன்னால் உள்ளே பாய்ந்து குழந்தையை எடுத்து என் கையில் திணித்தார். பிறகு குழந்தையை ஓரப் புல்லில் கிடத்திவிட்டு நானும் அவரும், ஓடிவந்த கேட்காரரும் டாக்டரம்மாவுமாகக் கட்டில் விரிப்போடு பெண்ணைத் தூக்கிப் புளிய மரத்தடியில் கிடத்தினோம். மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். நான் உருளை மேல் ஏறி வெறுங்கையால் மூடியைத் திறந்தேன், உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மாமியாருக்கு மரத்தடிக் காற்றில் நினைவு திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது, மருமகள் மேல் காற்று அடிப்பதுதான். தட்டுத் தடுமாறி எழுந்து, சேலையால் அவளை மூடி, மறுபடியும் வண்டிக்குள் கொண்டுபோகச் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டார். டாக்டரம்மா அதட்டியும் அவர் கேட்கவில்லை. எஸ்தர்தான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஆச்சி, வெளிக்காத்து பட்டா சன்னி வந்திரும்னு பயப்படுதிய. சன்னி வந்தா டாக்டரம்மா மருந்து குடுப்பாவ. உள்ள இருக்குத காத்துக்கு மருந்தே கிடையாது. உங்களுக்கே தலை சுத்துதுல்ல? உங்க மருமக அதுலதான் கிடந்தா."

அந்த அம்மா தன் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சேலையை விலக்கி, முந்தானையால் மருமகளுக்கு அவரே விசிற ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகம். குழந்தை முதலில் தும்மியது. பிறகு வீறிட்டு அழுதது. அந்தச் சத்தம் கேட்டுத் தாய் கண்ணைத் திறந்தாள். நான் தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

டாக்டரம்மா நாடி பார்த்தபடி, இவ்வளவு ரத்தம் போன பெண்ணுக்கு உதடு வெளுத்திருக்க வேண்டுமே, சிவந்து கிடக்கிறதே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அந்தக் காஸ் ரத்தத்தில் ஏறினால் உதடு அப்படித்தான் சிவக்குமாம். என்னைப் பார்த்தார். புகைக்குழாய் மூடியைத் திறக்காததால் காஸ் அடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. கேட் திறந்ததும் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து போட்டு, எங்கும் நிறுத்தாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சனிக்கிழமை காலை வண்டி பட்டறைக்கு வந்தது. இந்தத் தடவை இன்ஜினைத் தொடவில்லை. கரியைப் பற்ற வைத்து, மூடியை மூடி, ஆளை விட்டுச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு அடியில் படுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினேன். தொட்டித் துளைக்கு நேர் கீழே இருந்த ஜாயிண்ட்டில் உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி குமிழி பொங்கியது. ஜாயிண்ட்டின் இரு முனைக்கும் நடுவே வைக்கிற அஸ்பெஸ்டாஸ் தகடு, பிளாண்ட் வைத்தபோது அந்த இடத்துக்கு வேண்டிய அளவில் கிடைக்கவில்லை. இரண்டு துண்டைச் சேர்த்து வைத்துப் போல்ட்டை முறுக்கியிருந்தேன். சேர்த்த இடம் சூட்டில் விலகி, காஸ் தொட்டித் துளை வழியாக நேராக எஸ்தரின் முகத்துக்கு வந்திருக்கிறது. நாற்பது நாள்.

ராஜு முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல மனிதர், ஆனால் ஆறு பஸ்ஸுக்கு நாங்கள் பிளாண்ட் வைத்திருந்தோம், இது வெளியே தெரிந்தால் எவனும் வர மாட்டான். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊருக்கோ" என்றார். பேசாமல் இரு என்று அவர்கள் வீட்டுத் தெலுங்கில் அர்த்தம். "ஜாயிண்ட்டை மாத்திரு. மூடியைத் திறந்து வைக்கச் சொல்லியாச்சு. நாளைக்கு ஈஸ்டர், அந்தம்மா நோன்பும் முடிஞ்சிரும். தலைவலி நின்னா நோன்பு முடிஞ்சதாலதான்னு அவங்களே சொல்லிக்கிடுவாங்க. நாம எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அவர் சொன்னது எவ்வளவு கச்சிதமாக இருந்தது என்று பாருங்கள். நோன்பு முடிகிற நாளில் ஓட்டையும் அடைபடும். மறுபடியும் இரண்டும் கைகோத்துக்கொண்டு போய்விடும். எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. எஸ்தர் மட்டும் சாகும்வரை வார்டில் இருந்திருப்பார், பட்டினி கிடந்து வேலையைக் கெடுத்த நர்ஸ் என்ற பெயரோடு. அவரே அதை நம்பியும் இருப்பார். தம்பிக்காகச் செய்த பொருத்தனைதான் தன் வண்டி வேலையைப் பறித்தது என்று.

தம்பிகளே, வேலையில் தப்பு வருவது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் செய்யாத தப்பா, நான் செய்யாத தப்பா. நம் தப்பை மூடிக்கொள்ள நல்ல காரணம் ஒன்று தானாக வந்து பக்கத்தில் உட்காரும் பாருங்கள், அப்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆனது. ஜாயிண்ட்டைக் கழற்றி, பழைய இன்ஜின் ஒன்றிலிருந்து நல்ல தகடு எடுத்து வெட்டிப் பொருத்தினேன். அந்த விலகிய இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முத்தையாவோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா மேஜையில் துண்டுகளை வைத்தேன்.

"எஸ்தர் சிஸ்டருக்குத் தலைவலி நோன்பால வந்தது இல்லைம்மா. நான் போட்ட ஜாயிண்ட்டால வந்தது. அவிய கேட்டப்போ இன்ஜினை நிறுத்தாமப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார், பிரித்து வைத்துப் பார்த்தார். நாற்பது நாளும் அந்தப் பெண்ணை நான்தான் திட்டினேன் என்று மெல்லச் சொன்னார். பிறகுதான் திட்டினார். அதை எழுத முடியாது, படித்தவர்களும் அப்படித் திட்டுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசியில், இந்த வண்டியில் இனிமேல் என் நர்ஸை எதை நம்பி ஏற்றுவது என்று கேட்டார். திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே உட்காருகிறேன், நெருப்பைப் போட்டு, மூடியை மூடி, எல்லாக் கதவையும் அடைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள் என்றேன். நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை சோதித்த பிறகும் இது முட்டாள்தனம்தான். அன்றைக்கு எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜு முதலாளி பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள் அந்த ஆறு பஸ்ஸையும் ஒவ்வொன்றாக வரவழைத்து, இன்ஜினை நிறுத்திச் சோதிக்கச் சொன்னார். இரண்டில் குமிழி வந்தது. எஸ்தரின் தம்பி யுத்தம் முடிந்து ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி வீடு வந்து சேர்ந்தான். அது நோன்பால்தான் என்று எஸ்தர் சொன்னார். அந்த விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டி நின்றது. முத்தையா நெருப்பை ஊதினார். நான் ஏறி, தொட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னல்களை அடைத்தார்கள். பின்கதவை மூடப்போகும்போது எஸ்தர் வந்தார். டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. நேராக ஏறி எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். இறங்கச் சொன்னேன், கெஞ்சினேன்.

"நல்லாப் பார்த்துட்டேன்னு சொன்னீங்கல்ல அண்ணே? பொறவு என்ன" என்றார்.

கதவை மூடினார்கள். உள்ளே இருட்டும் புழுக்கமும். அவர் மருந்து அலமாரியைத் தடவித் தடவி ஒழுங்கு செய்தார். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், என் மூச்சை அல்ல, அவருடையதை. அவர் பேச்சை நம்பாத என்னை, அவர் எதைக் கொண்டு நம்பினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தேன். ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் முறுக்கும்போது, இதற்கு மேல் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துத்தான் முறுக்கினேன்.

கதவைத் திறந்தபோது வெளிச்சத்தில் கண் கூசியது. டாக்டரம்மா வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் எஸ்தரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"தலை வலிக்கலைம்மா" என்றார் எஸ்தர். "பசிக்குது."

டாக்டரம்மா தன் டிபன் தூக்கை எஸ்தர் கையில் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் போய் உட்கார்ந்து, தளவாய்புரத்துக்கு வண்டியை எடுக்கச் சொன்னார்.